கல்யாணப் பதிவேட்டை முதலில் கேளுங்கள்

பூர்வீகம் தேடிப் பங்குக் கோயிலுக்கு, அதாவது தங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஞானஸ்நானப் புத்தகத்தை. தாத்தா எந்த வருஷம் பிறந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் எங்கள் குடும்ப வரலாற்றை எழுத உட்கார்ந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றைப் பற்றி நிறையப் பேசுவது கல்யாணப் பதிவேடுதான். பழைய புத்தகங்களின் அட்டையில் 'மெய்விவாகம்' என்று எழுதியிருப்பார்கள். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயர், அப்பா அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர் இருக்கும். அம்மாவின் பெயர் என்று பார்த்தால் 'மரியாள்' என்றோ 'சவரியம்மாள்' என்றோ ஒரே ஒரு சொல். எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு நாலு சவரியம்மாள் இருப்பார்கள். அவள் யார் மகள், எந்த ஊர்க்காரி என்று அங்கே தெரியாது. கல்யாணப் பதிவில்தான் அவளுக்கு ஒரு தகப்பன் வருகிறான், ஒரு ஊர் வருகிறது, ஒரு பங்கு வருகிறது. வம்சாவளி எழுதுகிற வீடுகளில் பெண்கள் காணாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். 'இவருக்கு நாலு ஆண், மூணு பெண்' என்று எழுதிவிட்டு ஆண்களின் பெயரை மட்டும் வரிசையாகப் போடுவார்கள். அந்த மூன்று பெண்களையும் மீட்டுத் தருவது இந்தப் புத்தகம்.

எங்கள் பூர்வீகம் தேவகோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமம். அந்தக் காலத்தில் மறவ நாடு என்பார்கள். 1693இல் இயேசு சபைச் சாமியார் அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூர் எங்களுக்குத் தூரமில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், இப்போது மதுரையில் இருக்கிறேன். அப்பத்தா சொன்ன கதைகளை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கதைகளுக்குத் தேதியும் ஆளும் தேடித்தான் பதிவேடுகளுக்குள் போனேன்.

முதலில் எந்தக் கோயிலில் தேடுவது என்பதே ஒரு வேலை. இயேசு சபையை 1773இல் போப் கலைத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கோவாக் குருக்கள். சபை திரும்ப உயிர் பெற்று, 1838 வாக்கில் பிரெஞ்சு இயேசு சபைச் சாமிமார் மதுரை மிஷனுக்கு வந்தபோது இரண்டு தரப்புக்கும் பெரிய பிணக்கு. கோவாக்காரர்கள் போர்ச்சுக்கல் அரசரின் ஞான அதிகாரத்தின் கீழ், பிரெஞ்சுக்காரர்கள் நேரடியாக ரோமையின் கீழ். பல ஊர்களில் இரண்டு கோயில், இரண்டு சாமியார், இரண்டு பதிவேடு. 1886இல் போப் பதின்மூன்றாம் சிங்கராயரும் போர்ச்சுக்கலும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் இந்த இழுபறி அடங்கத் தொடங்கியது, அதுவும் எல்லா ஊரிலும் உடனே இல்லை. ஆகவே 1850இலோ 1870இலோ நடந்த கல்யாணம் ஒரு கோயிலில் கிடைக்கவில்லை என்றால், 'எதிர்க் கோயில்' எது என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். பங்காளிச் சண்டையில் ஒரு தலைமுறை மட்டும் அங்கே போயிருக்கலாம்.

அப்புறம் மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி. எங்கள் கிராமம் 1886 வரை மதுரை மிஷனின் அப்போஸ்தலிக்க விகாரியத்து, பிறகு திருச்சி மறைமாவட்டம், 1938 முதல் மதுரை, 1987 முதல் சிவகங்கை. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆயர் இல்லம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. பதிவேடு பங்கில் கிடக்கும். ஆனால் ஆயரின் அனுமதி தேவைப்பட்ட கல்யாணத்துக்கான விண்ணப்பம் அந்தக் கால ஆயர் இல்லத்துக்குப் போயிருக்கும். 1893இல் நடந்த கல்யாணத்தின் காகிதத்தைச் சிவகங்கையில் தேடிப் பயனில்லை.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமான அந்தப் பதிவுக்கு வருகிறேன்.

1893, மே மாதம். லத்தீனில், பிரெஞ்சுக் கையெழுத்தில், பழுப்பேறிய மையில் எட்டு வரி. என் பூட்டனுக்கும் பூட்டிக்கும் நடந்த கல்யாணம். மாப்பிள்ளை, காலமான இன்னாரின் மகன். பெண், இன்னாரின் மகள், பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவள். மூன்று ஓலையும், அதாவது கோயிலில் சொல்லும் கல்யாண அறிவிப்பும், வாசித்தாயிற்று. இரண்டு சாட்சிகள். சாமியாரின் கையெழுத்து. நடுவில் ஒரு வரி: சரிசமமான இரண்டாம் படி இரத்த உறவுத் தடைக்கு விலக்குப் பெறப்பட்டது, காரணம் ஊரின் சிறுமை.

அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

திருச்சபைச் சட்டம் நெருங்கிய உறவுக்குள் கல்யாணத்தைத் தடுக்கிறது. 1215இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்களின் பொதுக் கூட்டம் நாலு படி வரை தடை என்று வைத்தது. படியை எண்ணும் முறை எளிது. இருவருக்கும் பொதுவான மூதாதையரிடம் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். தாத்தாவிலிருந்து அப்பா ஒரு படி, நான் இரண்டாம் படி. அதே தாத்தாவிலிருந்து அத்தை ஒரு படி, அத்தை மகன் இரண்டாம் படி. ஆக அத்தை மகனும் நானும் 'இரண்டாம் படி'. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை என்றால் சரிசமம். அக்காள் மகளைக் கட்டினால் ஒரு பக்கம் ஒரு படி, மறு பக்கம் இரண்டு படி. அதை 'முதல் படியைத் தொடும் இரண்டாம் படி' என்று எழுதுவார்கள்.

ஐரோப்பாவில் ஒரு பதிவேட்டில் 'சரிசமமான இரண்டாம் படி' என்று பார்த்தால், இருவரும் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. பெரியப்பா மகளாக இருக்கலாம், சித்தி மகளாக இருக்கலாம், மாமன் மகளாக இருக்கலாம், அத்தை மகளாக இருக்கலாம். நம் ஊரில் அப்படி இல்லை. பெரியப்பா மகளும் சித்தி மகளும் தங்கை முறை. அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அந்த வரியைப் பார்த்த உடனே பாதி வழி முடிந்தது. பூட்டிக்குப் பூட்டன் ஒன்று அத்தை மகன், இல்லையென்றால் மாமன் மகன். ரோமையின் சட்டமும் நம் முறையும் சேர்ந்து நாலு வழியில் இரண்டை அடைத்துவிட்டன.

மீதி இரண்டில் எது? பூட்டனின் அப்பா அம்மா கல்யாணத்தைத் தேடினேன். பூட்டியின் ஊர்ப் பங்கில் 1868இல் கிடைத்தது. அதில் பூட்டனின் தாயாருக்குத் தகப்பன் பெயர் இருந்தது. பூட்டியின் அப்பா கல்யாணத்தையும் அதே புத்தகத்தில் பார்த்தேன். அவருக்கும் அதே தகப்பன் பெயர், அதே ஊர். இருவரும் உடன்பிறந்தவர்கள். பூட்டன் கட்டியது தாய்மாமன் மகளை. எங்கள் வீட்டில் எல்லாரும், அந்த இரண்டு ஊருக்கும் சம்பந்தம் தொடங்கியதே அப்பத்தா காலத்தில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அதற்கு இரண்டு தலைமுறை முன்னாலேயே அந்த ஊரிலிருந்து பெண் எடுத்திருக்கிறார்கள், அடுத்த தலைமுறையிலும் அங்கிருந்தே எடுத்திருக்கிறார்கள். அப்பத்தா வாழ்க்கைப்பட்டு வந்தது பழகிய பாதையில். இதைப் படித்துவிட்டு என் அப்பாவுக்குப் போன் செய்தபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், 'அதான் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் ஐயா சீர் கொண்டு போவாரு' என்றார். அவர் சின்ன வயதில் காரணம் தெரியாமல் பார்த்தது.

காரணம் என்று எழுதியிருக்கிறதே, 'ஊரின் சிறுமை', அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலக்கு கேட்டால் காரணம் காட்டியாக வேண்டும். ரோமையில் மறைபரப்புப் பேராயம் 1877இல் ஒரு சுற்றறிக்கையில் ஏற்கத்தக்க காரணங்களை வரிசைப்படுத்தியது. ஊர் சின்னது, உறவுக்கு வெளியே தகுந்த வரன் கிடைக்காது என்பது ஒன்று. பெண்ணுக்கு 24 வயது தாண்டிவிட்டது என்பது ஒன்று. கொடுக்கச் சீர் போதாது, சொத்து வழக்கு தீர வேண்டும், விதவை வறுமையில் இருக்கிறாள், இரண்டு குடும்பத்துக்குள் சமாதானம் வர வேண்டும் என்று பட்டியல் போகிறது. சாமியார் இதில் பொருந்துகிற ஒன்றை எடுத்து எழுதுவார்.

இதை அப்படியே குடும்பக் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. மாமன் மகளைக் கட்டுவது நம் ஆட்களுக்கு வேறு வழியில்லாமல் செய்கிற காரியம் இல்லை. அதுதான் முதல் விருப்பம். முறைப் பெண் இருக்கும்போது வெளியே போனால் மாமன் கோபித்துக்கொள்வான். ஆனால் 'இவளுக்கு உரிமை இவனுக்குத்தான்' என்பதற்கு ரோமையின் பட்டியலில் இடமில்லை. ஆகவே ஊர் சிறிதாகிவிடுகிறது. ஒரே பங்கில் பத்துப் பதிவில் 'ஊரின் சிறுமை' இருந்தால் அது சாமியாரின் வாடிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்றில் மட்டும் 'சொத்து வழக்கு' என்றோ 'சமாதானம்' என்றோ வந்தால் அங்கே நின்று தோண்டுங்கள். அது நிஜமாக நடந்த விஷயத்தைச் சொல்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் அந்த வருஷத்துப் பாகப் பிரிவினை இருந்தாலும் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, மிக முக்கியமானது. சட்டம் இடையில் மாறியிருக்கிறது. 1918 மே மாதம் புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தபோது நாலு படித் தடை மூன்று படியாகக் குறைந்தது. ஆகவே 1910இல் விலக்கு வாங்கிய தூரத்து உறவுக் கல்யாணம் 1920இல் விலக்கே இல்லாமல் நடந்திருக்கும். குறிப்பு இல்லை என்பதால் உறவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1983இல் மறுபடி மாறியது. இந்த முறை எண்ணும் விதமே வேறு. இப்போது இரண்டு பக்கத்துப் படிகளையும் கூட்டுகிறார்கள். அதனால் இன்றைக்குப் பங்கில் 'நான்காம் படி' என்று எழுதினால் அது அத்தை மகன், மாமன் மகள். பழைய புத்தகத்தில் அதே ஜோடி 'இரண்டாம் படி'. பழைய புத்தகத்தின் 'நான்காம் படி' என்றால் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவர், அவ்வளவு தூரம். இது தெரியாமல் இரண்டையும் ஒன்றாக்கினால் வம்சாவளியே குழம்பிப் போகும்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு ஜோடியின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டினால் இரண்டு விலக்கு ஒரே பதிவில் வரும், 'இரட்டை உறவு' என்று. அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் தாத்தா பாட்டி ஒன்று.

அடுத்தது, சம்பந்த உறவுத் தடை, அதாவது முந்தைய கல்யாணத்தால் வந்த உறவு. மனைவி இறந்துபோய் கொழுந்தியாளைக் கட்டுவது நம் ஊர்களில் சாதாரணம். பிள்ளைகளுக்குச் சித்தியே அம்மாவாக வந்தால் நல்லது என்று பெரியவர்களே முன்னின்று செய்வார்கள். பழைய சட்டத்தில் அதற்கும் விலக்கு வேண்டும். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் 'விதுவுஸ்', அதாவது மனைவியை இழந்தவர், கூடவே 'அஃபினிதாஸ்', அதாவது சம்பந்த உறவு, முதல் படி என்று இருந்தால், வரப்போகும் பெண் முதல் மனைவியின் தங்கை என்று கிட்டத்தட்ட உறுதி. முதல் மனைவியின் சாவை அடக்கப் பதிவேட்டில் பின்னோக்கித் தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் கிடைக்கும். பிரசவமும் காலராவும் எத்தனை பெண்களைக் கொண்டுபோயிருக்கின்றன என்று பார்க்கும்போது மனசு தாங்காது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தின் பக்கங்களை நான் தொடர்ந்து படிக்க முடியாமல் மூடி வைத்தேன்.

ஓலை என்று சொன்னேனே, கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக அதை விளக்கிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அல்லது கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாளில், பூசையின்போது, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் அறிவிப்பது. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. திரெந்து நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் 1563இல் இதைக் கண்டிப்பாக்கியது, கல்யாணப் பதிவேடு வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டதும் அதே ஆணையில்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு வேறு பங்கு என்றால் இரண்டு கோயிலிலும் வாசிக்க வேண்டும். சில பங்குகளில் ஓலைக்கென்று தனிப் புத்தகம் இருக்கும். கல்யாணம் எங்கே நடந்தது என்று தெரியாவிட்டாலும் மாப்பிள்ளை ஊர் ஓலைப் புத்தகத்தில் பெண்ணின் பங்கு எழுதியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். பதிவில் 'ஓலைக்கு விலக்கு' என்று வந்தால் அவசரக் கல்யாணம். கப்பல் ஏறப் போகிறவராக இருக்கலாம். எங்கள் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் ஏராளம்.

மாதத்தையும் கவனியுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்திலும் அப்போது ஆடம்பரக் கல்யாணத்துக்குத் தடை இருந்தது. ஆகமன காலம் கார்த்திகையின் பின்பாதியும் மார்கழியும். தபசு காலம் மாசி, பங்குனி. ஆடியை நம் ஆட்களே தவிர்த்துவிடுவார்கள். நான் பார்த்த புத்தகங்களில் தையில் பக்கம் பக்கமாகக் கல்யாணம், வைகாசி ஆனியில் மறுபடி ஒரு கூட்டம், நடுவில் வெறுமை. கோயில் நாட்காட்டியும் தமிழ் மாதமும் மார்கழியில் ஒன்றாகக் கைகோத்துக்கொள்வதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தபசு காலத்தில் ஒரு கல்யாணம் தனியாக நின்றால் ஏதோ நெருக்கடி. வீட்டிலேயே தாலி கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்களைச் சாமியார் அழைத்து முறைப்படுத்தியதாகவும் இருக்கலாம்.

தாலி என்றதும் ஒன்று. பதிவேட்டில் சடங்கைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பரிசம் போட்டது, முகூர்த்தக்கால் நட்டது, தாய்மாமன் சீர் எதுவும் வராது. அதற்கு வேறு காகிதங்களைப் பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சடங்குகளைத் தடை செய்த உத்தரவுகள்தான் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. போப்பின் தூதராகப் புதுச்சேரி வந்த, பின்னாளில் கர்தினாலான தூர்னோன் 1704இல் போட்ட ஆணை அப்படி ஒன்று. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, வேண்டுமானால் சிலுவையோ மாதாவின் உருவமோ போட்டுக்கொள்ளலாம். 108 இழையில் மஞ்சள் பூசிய கயிறு கூடாது. அரசங்கொம்பு கூடாது. தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்குத் தாலி கட்டி வைக்கக் கூடாது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இந்தத் தடைகளைத் திரும்ப உறுதி செய்தார். கிறிஸ்தவர்களாகி நூறு வருஷம் ஆன குடும்பங்கள் இதையெல்லாம் விடாமல் செய்துவந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. என் அம்மாவின் தாலியில் புறா உருவம் இருக்கிறது. கயிறு மஞ்சள் கயிறுதான்.

பெண்களைத் தொடர்ந்து போக இன்னொரு வழி 1908இல் திறந்தது. அந்த வருஷம் ஈஸ்டர் முதல் அமலான 'நே தேமேரே' ஆணைப்படி, கல்யாணம் நடந்ததும் அந்தச் செய்தியை, பெண்ணும் மாப்பிள்ளையும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதி அனுப்ப வேண்டும். அங்கே ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் யாரை, எங்கே, எந்தத் தேதியில் கட்டினார் என்று குறித்து வைப்பார்கள். ஆகவே 1890களுக்குப் பிறகு பிறந்த ஒரு பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்று தெரியவில்லையா, அவள் பிறந்த ஊரின் புத்தகத்தில் ஓரத்தைப் பாருங்கள். என் ஐயாவின், அதாவது தாத்தாவின், தங்கை ஒருவர் 'எங்கேயோ தஞ்சாவூர்ப் பக்கம்' போய்விட்டார் என்றுதான் வீட்டில் பேச்சு. ஓரத்தில் பென்சில் எழுத்து போலச் சின்னதாக மாப்பிள்ளை பெயர், பங்கின் பெயர், 1926. அந்தப் பங்குக்கு எழுதிக் கேட்டு, அவருடைய பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்தோம். இப்போது விசேஷங்களுக்குப் பத்திரிகை வந்து போகிறது.

பெயர்கள் கொஞ்சம் படுத்தும். சாமியார் லத்தீனில் எழுதும்போது பெயரையும் மாற்றிவிடுவார். வீட்டில் ராயப்பன், புத்தகத்தில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். இந்த ஐந்தாறு தெரிந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மூக்கன், கருப்பாயி என்ற கூப்பிடு பெயர்களைச் சில நல்ல சாமிமார் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். சாதி எழுதியதும் உண்டு. ஆளை அடையாளம் காண அது உதவுகிறது என்பது நிஜம். கோயிலுக்குள் வந்தும் அது விடவில்லை என்பதும் அந்தப் பக்கங்களில் தெரிகிறது, எனக்கு அது வலிக்கிறது.

வயதை நம்ப வேண்டாம். பெரும்பாலும் சாமியாரின் மதிப்பு. 1918 வரை திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்குப் 12, ஆணுக்கு 14 போதும். பிறகுதான் 14, 16 ஆனது. 12 வயதுப் பெண்கள் கணிசமாக வருகிறார்கள். சாட்சிகளையும் உடனே உறவாக்கிவிட வேண்டாம். ஒரே இரண்டு பேர் எல்லாக் கல்யாணத்துக்கும் சாட்சி என்றால் அவர்கள் உபதேசியாரும் கோயில்பிள்ளையும். புத்தகத்தில் ஒரே ஒரு முறை மட்டும் வருகிற சாட்சிதான் தாய்மாமனாகவோ அத்தை வீட்டுக்காரராகவோ இருப்பார்.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் மதராஸ் மாகாணத்துக் கோயில் பதிவுகள் 1698 முதல் இருக்கின்றனவே, அங்கே தேடினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் குடும்பம் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் என்றால் கட்டாயம் தேடுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே கிடைப்பது அரிது. 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமே இந்தியக் கிறிஸ்தவர்களின் கல்யாணத்தைத் தனிப் புத்தகத்தில் பதியச் சொன்னது. அந்தப் புத்தகம் உள்ளூரிலேயே தங்கிவிட்டது. வெளிநாட்டு இணையதளங்களுக்குப் பணம் கட்டும் முன் ஊருக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுங்கள்.

போகும்போது முன்கூட்டியே பங்குச்சாமியிடம் பேசிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாக் காலமும் வேண்டாம். அவருக்கு அது கூடுதல் வேலை, தர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு பங்கில் என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் வேறு சாமி வந்தார், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பழைய தாளை எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. படம் எடுக்கும் முன் கேளுங்கள். இன்னொருவர் வீட்டுச் சங்கதி கண்ணில் பட்டால் அதை வெளியே பேசாதீர்கள். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகள் அந்தப் புத்தகங்களில் உண்டு, அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

எழுதிக்கொள்ளும்போது உங்களுக்கு வேண்டிய பெயரை மட்டும் எழுதாதீர்கள். பக்க எண், வரிசை எண், ஓரக் குறிப்பு, விலக்கு வரி, காரணம், சாட்சிகள் என்று எட்டு வரியையும் அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுங்கள். லத்தீன் புரியாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து நிதானமாகப் படிக்கலாம். பூட்டனின் விலக்கு விண்ணப்பம் திருச்சியில் இருக்கிறதா என்று இப்போது கேட்டு எழுதியிருக்கிறேன். இயேசு சபையின் மதுரை மாநிலக் காப்பகத்தில் அந்தக் காலச் சாமிமாரின் கடிதங்கள் இருக்கின்றன, அடுத்து அங்கே போக வேண்டும். மறவ நாட்டுப் பங்குகளில் ஓலைப் புத்தகம் தனியாக இருக்கிற கோயில் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், 1880க்கு முந்தியதாக இருந்தால் ரொம்ப நல்லது.